ஜீவராணி கெப் எடுத்த சனிக்கிழமை

என் மருமகள் ஜீவராணிக்கு வயது நாற்பத்தொன்று. கொஸ்லந்தைப் பக்கத்து லயம் ஒன்றில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். என் மகன் ஜெயகுமாரைக் கட்டிக்கொண்டு, தெமோதரைக்கு மேலே நாங்கள் வேலை செய்கிற தேயிலைத் தோட்டத்துக்கு வந்தாள். வந்த முதல் வாரமே ரசத்துக்குப் புளி கரைக்கிற விஷயத்தில் எனக்கும் அவளுக்கும் சண்டை. நானும் விட்டுக்கொடுக்கவில்லை, அவளும் விட்டுக்கொடுக்கவில்லை. இருபது வருடமாக எங்கள் வீட்டில் இரண்டு சட்டியில் ரசம் கொதிக்கிறது. அவள் எப்படிப்பட்டவள் என்று தெரிந்துகொள்ள இது போதும்.

ஏழு வருடத்துக்கு முன்னால், மேல்மலைக்குத் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிற பெண்களை டிரக்டர் பெட்டியில் நிற்கவைத்து ஏற்றிக்கொண்டு போவார்கள். ஆடுமாடு மாதிரித்தான். பிடித்துக்கொள்ள ஒரு கயிறு கூட இருக்காது. ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொள்வோம். ஒருநாள் மாடசாமி கோயில் முடக்கில், ரோடு வளைந்து ஏறுகிற இடத்தில், அந்தப் பெட்டி கவிழ்ந்தது. ஜீவராணி தேயிலைச் செடிமேல் போய் விழுந்ததால் கீறலோடு தப்பினாள். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்ற கலாராணிக்கு இடுப்பு எலும்பு உடைந்தது. ஆறு மாதம் படுக்கை. இன்றைக்கும் கலாராணி ஒரு காலை இழுத்துத்தான் நடக்கிறாள்.

அதற்குப் பிறகு ஜீவராணி எந்தப் பெட்டியிலும் ஏறவில்லை. மற்றவர்கள் ஏறிப் போவார்கள். அவள் ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பி, மலையேறி நடந்து போவாள். பிறகு ஒருநாள், "ஓட்டுறவன் கையில உசுரக் குடுத்துட்டு நிக்கிறதுக்கு நானே ஓட்டிட்டுப் போறேன்" என்று சொல்லி, பண்டாரவளைக்குப் போய் வாகனம் பழகி லைசன்ஸ் எடுத்துவந்தாள். லயமே சிரித்தது. நானும் சிரித்தேன். ஐந்து வருடம் வாடகைக்கு ஓட்டோ ஓட்டினாள். அதன்பிறகு யாரும் சிரிக்கவில்லை.

தோட்ட நிர்வாகம் மேல்மலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் குடும்பங்களுக்குக் கொடுத்தபோது, இருபத்திரண்டு குடும்பங்களின் கொழுந்தைச் சேர்த்துத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையை ஜீவராணி எடுத்துக்கொண்டாள். அதற்கு ஒரு வாடகை லொறி பிடித்திருந்தாள். அந்த லொறி வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. பறித்த கொழுந்து சாக்குக்குள் அடைந்து கிடந்தால் சூடேறும். சூடேறினால் வெந்து சிவந்துவிடும். வெந்த கொழுந்தில் தேயிலைத்தூள் வராது. இரண்டு முறை அப்படி நடந்தது.

தொழிற்சாலையில் கொழுந்து பார்த்து எடுக்கிறவர் சிதம்பரநாதன். யாழ்ப்பாணத்து ஆள், நல்ல மனிதர். ஜீவராணியைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"பிள்ளை, ரெண்டு தரம் கொழுந்து வெந்து வந்திட்டுது. மேல நான்தான் பதில் சொல்லவேணும். திங்கக்கிழமை பதினொரு மணிக்குள்ள உன்ர சொந்த வாகனத்தில கொழுந்து வந்து சேரவேணும். இல்லையெண்டால் உந்த மலையை வேற ஆளுக்குக் குடுக்கச் சொல்லிப்போட்டினம்."

அது புதன்கிழமை. நகையும் இரண்டு மாடும் விற்றது போக, மீதிக்கு லீசிங் கடன் எடுக்க ஏற்பாடு ஆனது. பதுளையில் பசறை ரோட்டுப் பக்கம் பழைய வாகனம் விற்கிற மபாஸிடம் பின்னால் திறந்த பெட்டி வைத்த கெப் வண்டி இரண்டு நின்றன. லீசிங்காரர்கள் இரண்டையும் பார்த்துச் சரி என்று சொல்லியிருந்தார்கள். எது வேண்டும் என்று சனிக்கிழமை மாலைக்குள் சொன்னால் போதும். சாவியைக் கொடுத்துவிடுவதாக மபாஸ் ஒத்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலையில் நானும் கூடப் போனேன். என்னைக் கூப்பிடவில்லை. நான் போனேன்.

ஒன்று வெள்ளை நிற டபள் கெப். நான்கு கதவு, உள்ளே ஐந்து பேர் சாய்ந்து உட்காரலாம், கியர் தானாக மாறும். பின்பெட்டி குட்டை. இன்னொன்று நீலம், சிங்கிள் கெப். முன்னால் ஓட்டுகிறவரோடு இரண்டு பேர் நெருக்கி உட்காரலாம், அவ்வளவுதான். பெட்டி நீளம். கியரைக் கையால் போடவேண்டும். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற போர்வீல் வண்டி என்று மபாஸ் சொன்னார். கதவில் துரு, இருக்கையில் கிழிசல்.

"அம்மாவுக்கு எது புடிச்சிருக்கு?" என்று மபாஸ் கேட்டார்.

"எனக்குப் புடிச்சு என்ன செய்ய? கொழுந்துக்குப் புடிக்கணும்" என்றேன்.

நான் பெட்டிகளைக் காலால் அளந்து பார்த்தேன். நீலத்தில் கொழுந்துச் சாக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவைக்கலாம், காற்று போகும். வெள்ளையில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கவேண்டும், அடிச்சாக்கு வெந்துபோகும். எனக்கு அப்போதே முடிவாகிவிட்டது, நீலம்தான்.

ஜீவராணி வெள்ளையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். நான்கு கதவையும் திறந்து திறந்து மூடினாள். எனக்குப் புரிந்தது. மேல்மலைக்கு நடந்து ஏறமுடியாத பெண்கள் ஐந்து பேர் இருக்கிறார்கள், கலாராணியும் சேர்த்து. அவர்களைக் காலையில் ஏற்றிக்கொண்டுபோய் விடுவதும் இவள் பொறுப்பு. "என் வண்டியில எந்தப் பொம்பளையும் பெட்டியில போகமாட்டா" என்று அவள் லயத்து முற்றத்தில் நின்று எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தாள். வெள்ளையில் ஐந்து பேருமே உள்ளே உட்காரலாம், ஒருத்தி முன்னால், நாலு பேர் பின்னால் நெருக்கி.

அந்த நேரம் பார்த்துக் கொழும்பிலிருந்து ஜெயகுமார் போன் எடுத்தான். அவன் அங்கே ஒரு கடையில் வேலை செய்கிறான். "டபள் கெப்ப விட்டுறாத ராணி. தோட்டத்த நடத்துற துரைமார்தான் நம்ம ரோட்டுல டபள் கெப்புல வருவாங்க. நம்ம வண்டி அப்படி வந்து லயத்துக்கு முன்னால நிக்கணும்."

"துரை கொழுந்தா ஏத்துறாரு?" என்று நான் போனுக்குள் கத்தினேன். அவன் சிரித்துவிட்டு வைத்துவிட்டான்.

மபாஸ் தொண்டையைக் கனைத்தார். "நீலத்துக்கு ஒரு ஆள் இருக்காரு. லுணுகலை அலவி. மிளகு யாவாரம். இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள வந்து பார்க்குறேன்னு சொல்லியிருக்காரு. அஞ்சு வரைக்கும் அது அவருக்குன்னு வாக்குக் குடுத்துட்டேன். வெள்ளைய நீங்க கொண்டுபோய் ஓட்டிப் பாருங்க. நானும் வர்றேன்."

"பார்க்கலாம்" என்றாள் ஜீவராணி.

"பார்க்குறதுன்னா பாரத்தோட பார்க்கணும். வெறுவண்டிய எந்தக் கழுதையும் இழுக்கும். மாடசாமி முடக்குல பாரத்தோட ஏறட்டும், அப்புறம் பேசுவோம்" என்றேன் நான்.

அது என் யோசனை. மறைக்கமாட்டேன்.

எங்கள் தோட்டத்து அடிவாரத்தில் முந்தின நாள் வந்த உர மூட்டைகள் கிடந்தன. எப்படியும் மேலே போகவேண்டியவை. பதினைந்து மூட்டையைப் பெட்டியில் ஏற்றினோம். நடக்கமுடியாத ஐந்து பேரில் நான்கு பெண்கள் பின்னால் நெருக்கி உட்கார்ந்தார்கள். முன்னால் மபாஸ். நான் கீழேயே நின்றேன். என் மனதுக்குள், ஏறாது என்று சொல்லிக்கொண்டு நின்றேன்.

ஏறியது. மூன்று முடக்கும் ஒரு முக்கல் முனகல் இல்லாமல் ஏறியது. மேலே மடுவத்தில், அதுதான் கொழுந்து நிறுக்கிற கொட்டகையில், மூட்டைகளை இறக்கிவிட்டு, பெண்களையும் அங்கேயே விட்டுவிட்டு இறங்கி வந்தார்கள். ஜீவராணியின் முகத்தைப் பார்த்தேன். கல்யாணத்தன்றைக்குக் கூட அவள் அப்படிச் சிரித்ததில்லை.

"என்ன மாமி, கழுதை ஏறிடுச்சு" என்றாள்.

பாரத்தோடு ஏறினால் சரி என்று சொன்னது என் வாய்தானே.

மபாஸ் ரோட்டோரக் கடையில் தேத்தண்ணி சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அட்வான்ஸ் கொடுக்க ஜீவராணி பையைத் திறந்தாள். அதற்குள் தூற்றல் விழ ஆரம்பித்தது. அப்போதுதான் கலாராணி காலை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். உரம் பிரிக்கிற இடத்தில் அவள் பங்கை வாங்க அவளே போகவேண்டும்.

"ஏறுங்கக்கா, ஒரே மிதி, மேல விட்டுட்டு வந்து காசக் குடுக்குறேன்" என்றாள் ஜீவராணி. பையை மூடினாள். மூடியது நல்லதாகப் போயிற்று.

நானும் கலாராணியும் பின்னால் ஏறினோம். மெத்தை இருக்கைதான், பொய் சொல்லக்கூடாது. கலாராணி இருக்கையைத் தடவித் தடவிப் பார்த்தாள். "இடுப்பு ஒடஞ்சதுக்கு ஒரு மரியாத கெடச்சிருச்சு பாருங்க" என்றாள்.

முதல் முடக்கு போனது. இரண்டாவது போனது. மூன்றாவது மாடசாமி முடக்கு. அங்கே கொங்கிறீட் போட்ட ஏற்றம். மழை விழுந்தால் பாசி வழுக்கும். பாதி ஏறினதும் வண்டியின் பின்புறம் ஒரு பக்கமாக ஆடியது. ஜீவராணி மிதித்தாள். சத்தம் கூடியதே தவிர வண்டி நகரவில்லை. ரப்பர் தீய்கிற வாடை வந்தது. பின்சக்கரம் இரண்டும் நின்ற இடத்திலேயே சுற்றின.

பிறகு வண்டி மெதுவாகப் பின்னால் போக ஆரம்பித்தது.

"பிரேக்க மிதிடி" என்றேன்.

"மிதிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

சக்கரம் நின்றிருந்தது, வண்டி நிற்கவில்லை. சறுக்கிக்கொண்டு போனது. ஒரு பக்கம் மண்சுவர். மறுபக்கம் தேயிலைச் சரிவு, அதற்குக் கீழே ஆறு. கலாராணி என் கையைப் பிடித்தாள். அவளுக்கு அந்த இடம் தெரியும். அவள் நகம் என் தோலில் இறங்கியது.

"கதவத் தொறக்காதீங்க. ரெண்டு பேரும் அசையாதீங்க" என்றாள் ஜீவராணி. குரல் உயரவில்லை. "மாமி, கண்ணாடியெல்லாம் ஆவி புடிச்சிருக்கு, பின்னால ஒண்ணும் தெரியல. மண்சுவர் எந்தப் பக்கம்?"

நான் கண்ணாடியைக் கையால் துடைத்துப் பார்த்தேன். "என் பக்கம் மண்ணு. என் பக்கமா விடு."

"எவ்வளவு இருக்கு?"

"ஒரு ஆள் படுக்கலாம். விடு. இன்னும். இன்னும் விடு."

அவள் பிரேக்கை ஒரு நொடி விட்டு, ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து, மறுபடி மிதித்தாள். வண்டியின் வால் திரும்பி மண்சுவரில் மோதியது. பின் லைட் உடைகிற சத்தம் கேட்டது. வண்டி நின்றது.

பிறகு கலாராணி, "இறங்கலாமா, இல்ல இதே எடத்துல இன்னொரு வாட்டி விழணுமா?" என்று கேட்டாள். ஜீவராணி சிரிக்கப் பார்த்தாள், அழுகை வந்துவிட்டது. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

நாங்கள் இரண்டு பேரும் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் முட்டுக்கொடுத்தோம். என் மண்டையில் அப்போதுதான் விழுந்தது. பாரத்தோடு ஏறிய வண்டி, பாரம் இல்லாமல் ஏன் ஏறவில்லை? பெட்டியில் பாரம் இருந்தால் பின்சக்கரத்தை அது அழுத்திப் பிடிக்கிறது. வெறும்பெட்டியில் அழுத்த ஒன்றும் இல்லை. கொழுந்து வண்டி என்றைக்காவது பாரத்தோடு மலை ஏறுமா? காலையில் வெறும்பெட்டியோடு ஏறும், கொழுந்தோடு இறங்கும். நாற்பது வருடம் வெறுங்கூடையோடு ஏறி, நிறைகூடையோடு இறங்கியவள் நான். எனக்குத் தெரிந்திருக்கவேண்டாமா?

"பாரம் ஏத்திப் பார்க்கச் சொன்னது யாரு?" என்று ஜீவராணி கேட்டாள்.

"நான்தான். இறங்குறதுக்கு அது சரியான யோசனை" என்றேன். அதற்கு மேல் நான் இறங்கிப்போக முடியாது.

அவள் தனியாக உட்கார்ந்து வண்டியை அங்குலம் அங்குலமாகப் பின்னால் விட்டுக் கீழே கொண்டுவந்தாள். நான் பக்கத்தில் நடந்துகொண்டே மண் எந்தப் பக்கம் என்று சொல்லிக்கொண்டு வந்தேன். கடை வாசலில் நின்ற மபாஸ் முதலில் பார்த்தது உடைந்த லைட்டைத்தான்.

"இது என்ன?"

"லைட்டுக்குக் காசு தர்றேன். ஆனா வண்டி எங்களுக்கு வேணாம்" என்றாள் ஜீவராணி.

"வேணாமா? ஒடைச்ச வண்டிய நான் யாருக்கு விக்கிறது? என் கண்ணால பார்த்தேனே, பதினஞ்சு மூட்டையோட ஏறினதை."

"பாரத்தோட ஏறுச்சு. நாங்க பாரத்தோட இறங்குறவங்க. வெறும்பெட்டியோட ஏறாது, இந்தா, இவுங்கள ஆத்துல தள்ளப் பார்த்துச்சு."

மபாஸ் வண்டியைச் சுற்றி வந்தார். சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார். வியாபாரிதான், ஆனால் மனச்சாட்சி உள்ள ஆள். "பின்வீல் மட்டும் இழுக்குற வண்டி அப்படித்தான். ஈரத்துல, பெட்டி வெறுமையா இருந்தா புடிக்காது" என்றார்.

"தெரிஞ்சா ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல."

"நாங்க கொழுந்து ஏத்துறோம்னு சொன்னோம்ல."

அவர் தாடியைத் தடவினார். "சரி. லைட்ட நான் பார்த்துக்குறேன். ஆனா நீலத்த என்னால இப்ப குடுக்க முடியாது. அஞ்சு மணி வரைக்கும் அது அலவியோடது."

அப்போது மூன்றரை. வெள்ளையிலேயே பதுளைக்குத் திரும்பினோம். நீலம் போய்விட்டால் திங்கட்கிழமை எங்களிடம் வண்டி இல்லை. வண்டி இல்லாவிட்டால் மேல்மலை வேறு ஆளுக்கு. இருபத்திரண்டு குடும்பமும் அந்த வேறு ஆளுக்குப் பின்னால், அவன் பெட்டியில் நின்றுகொண்டு போகவேண்டும். இதைத்தான் அவள் யோசித்துக்கொண்டு வந்தாள் என்று எனக்குத் தெரியும்.

மபாஸின் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் என்னை உட்காரவைத்தார்கள். எதிரில் சுவரில் கடிகாரம். நீல வண்டி பக்கத்தில் நின்றது. கதவில் துருவோடு, எந்தக் கவலையும் இல்லாமல்.

"மாமி, இது கெடச்சாலும் ரெண்டு பேர்தான் உக்காரலாம்" என்றாள் ஜீவராணி.

"மத்த மூணு பேர் பெட்டியில உக்காரட்டும். நிக்கவேணாம், உக்காரட்டும்."

"இல்ல."

"பத்து நிமிச ரோடுடி."

"கலாக்கா விழுந்ததும் பத்து நிமிச ரோட்டுலதான். வெள்ளன எந்திரிச்சு மூணு தடவ ஏத்துவேன்."

"வண்டிக்கு எண்ணெய் யாரு ஊத்துறது?"

"நான் ஊத்துறேன். உங்க ரசத்துலயா பங்கு கேட்டேன்?"

நாலு நாற்பதுக்கு ஒரு ஓட்டோ வந்து நின்றது. அலவியும் அவர் மனைவி றுஷ்தாவும், அவருடைய வயதான தாயாரும் இறங்கினார்கள். அலவி நேராக நீலத்திடம் போனார். குனிந்து அடியைப் பார்த்தார். பெட்டியைத் தட்டினார். ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தார். அவர் முகத்தில் திருப்தி. ஜீவராணி என் பக்கத்தில் நின்று முந்தானை முனையை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

றுஷ்தா கேட்டாள்: "உம்மாவ மாசம் ரெண்டு தரம் கிளினிக்குக்குக் கொண்டு போகணும். உம்மா எங்க இருக்குற? மிளகு மூட்டைக்கு மேலயா?"

"முன்னால இருக்கலாம்."

"நானு? புள்ளைகள்?"

அலவி இறங்கினார். வெள்ளையைப் பார்த்தார். "இது என்ன, பின் லைட் ஒடஞ்சிருக்கு?"

மபாஸ் வாயைத் திறப்பதற்குள் ஜீவராணி ஓரடி முன்னால் போனாள். நான் அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன். சும்மா இருந்தால் அவர் வெள்ளையை எடுப்பார், நீலம் நமக்கு. இவள் ஏன் வாயைக் கொடுக்கிறாள்?

"நான்தான் ஒடைச்சேன் அண்ணே" என்றாள். "பின்வீல் வண்டி. எங்க ஏத்தத்துல, மழைக்கு, வெறும்பெட்டியோட வழுக்கிடுச்சு. உங்க வீட்டு ரோடு எப்படி?"

மபாஸ் வானத்தைப் பார்த்தார்.

"எங்க ரோடு தார்" என்றார் அலவி மெதுவாக. "ஒரே ஒரு ஏத்தம் இருக்கு, வீட்டுக்குக் கிட்ட. மிளகோட போய், மிளக இறக்கிட்டுச் சும்மாதான் வீட்டுக்கு வருவேன்." கொஞ்சம் யோசித்தார். "சொன்னது நல்லது தங்கச்சி. நான் ஒரு ஏத்தத்துல ஓட்டிப் பார்த்துட்டு வர்றேன்."

தாயாரையும் றுஷ்தாவையும் பின்னால் ஏற்றிக்கொண்டு வெள்ளையில் போனார். மணி நாலு ஐம்பத்தைந்து.

கடிகாரத்தின் முள் ஐந்தைத் தாண்டியது. மபாஸ் சாவிக்கொத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். "அஞ்சாச்சு. என் வாக்கு முடிஞ்சிருச்சு. இப்ப நீங்க கேட்டா நீலம் உங்களுக்கு."

"எடு" என்றேன் நான்.

ஜீவராணி சாவியைப் பார்த்தாள். எடுக்கவில்லை. "அவர் நான் சொன்னதக் கேட்டுத்தான் ஓட்டிப் பார்க்கப் போயிருக்காரு. திரும்பி வந்து பார்க்கையில நீலம் இல்லேன்னா, அவர அனுப்பிவிட்டுட்டு எடுத்தேன்னு ஆகும்."

"ஆகட்டுமே. அஞ்சு மணிதானே பேச்சு?"

"வரட்டும் மாமி."

நான் அவளைத் திட்டினேன். மபாஸுக்கு முன்னாலேயே திட்டினேன். உன் தலையில் நீயே மண் அள்ளிப் போடுகிறாய், உன்னை நம்பி இருபத்திரண்டு குடும்பம் இருக்கிறது என்றேன். சாவி மேசைமேல் கிடந்தது. ஐந்து ஐந்து. ஐந்து பத்து. பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. நான் மாடசாமிக்கு ஒரு சேவல் நேர்ந்துகொண்டேன், பிறகு இரண்டாக்கினேன்.

ஐந்து இருபதுக்கு வெள்ளை திரும்பி வந்தது. அலவி இறங்கி, கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "பசறை ரோட்டு ஏத்தத்துல கொஞ்சம் ஆட்டம் காட்டுச்சு. மழைக்கு வீட்டு ஏத்தத்துல பெட்டியில ரெண்டு மண் மூட்டை போட்டுக்குவேன். உம்மா வாயத் தொறந்து நல்லா இருக்குன்னுட்டா, பிறகு நான் என்ன பேசுறது." மபாஸிடம் திரும்பினார். "வெள்ளையவே எடுக்குறேன். லைட்டுக்குக் கழிக்கணும்."

ஜீவராணி அப்போதுதான் சாவியை எடுத்தாள்.

திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு நல்ல மழை. நீலம் லயத்துக்கு முன்னால் நின்றது. துரைமார் வண்டி மாதிரி இல்லை. பிள்ளைகள் கூட எட்டிப் பார்க்கவில்லை. முதல் நடைக்குக் கலாராணியும் நானும் ஏறினோம். என்னை வரவேண்டாம் என்றாள். நான் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

மாடசாமி முடக்குக்கு முன்னால் அவள் வண்டியை நிறுத்திப் போர்வீல் கம்பியைத் தள்ளினாள். அதே பாசி, அதே ஏற்றம், வெறும்பெட்டி. வண்டி ஏறியது. பாதியில் பின்பக்கம் ஒருமுறை ஆடியது. கலாராணி கண்ணை மூடினாள். அப்புறம் முன்சக்கரம் பிடித்தது தெரிந்தது. யாரோ முன்னால் நின்று கையைப் பிடித்து இழுத்தது மாதிரி வண்டி எழும்பி மேலே போனது. ஜீவராணி மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

எங்களை இறக்கிவிட்டு இரண்டாவது நடைக்குப் போனாள். மழையில் ஒரு லொறி வழியை அடைத்துக்கொண்டதால் கீழே போய்ச்சேர நேரமாகிவிட்டது. கீழே நான்கு பெண்கள் மீதி, அதில் இரண்டு பேர் முன்னால் ஏறினார்கள். மற்ற இரண்டு பேரில் ஒருத்தி பொறுக்கமுடியாமல், "கொழுந்து பறிக்க நேரமில்ல ராணி, நான் பெட்டியில நின்னுக்குறேன், இவளும் ஏறிக்கட்டும், ஒரே வாட்டியில நாலு பேரும் போயிடலாம்ல" என்று சொல்லிக்கொண்டே பெட்டியில் ஏறிவிட்டாளாம். ஜீவராணி எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு மழையில் இறங்கி நின்றாளாம். இரண்டு நிமிடம் கழித்து அந்தப் பெண் தானாக இறங்கி, அடுத்த நடையில் முன்னால் உட்கார்ந்து வந்தாள். இதை எனக்குச் சொன்னதும் அந்தப் பெண்தான். "உங்க மருமக ராங்கிக்காரி" என்றாள். "உக்காந்து வந்தியா இல்லையா?" என்று கேட்டேன்.

அன்றைக்கு எல்லாரும் ஓடி ஓடிப் பறித்தோம். சாக்குகளை நான்தான் நின்று ஏற்றிவைத்தேன். ஒன்றுக்குமேல் ஒன்று வைக்க யாரையும் விடவில்லை. பத்து இருபதுக்கு நீலம் மடுவத்திலிருந்து இறங்கியது. நானும் முன்னால் இருந்தேன். தொழிற்சாலை வாசலுக்குப் போனபோது உள்ளே கடிகாரத்தைப் பார்த்தேன், பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருந்தது.

சிதம்பரநாதன் குடையோடு வந்தார். வண்டியைப் பார்க்கவில்லை. ஒரு சாக்கின் வாயை அவிழ்த்து முழங்கைவரை கையை உள்ளே விட்டார். அடிவரைக்கும் விட்டுத் துழாவினார். பிறகு இரண்டாவது சாக்கு, பிறகு மூலையில் இருந்த சாக்கு. ஜீவராணி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் கையை வெளியே எடுத்து உதறினார்.

"குளிர்ந்துதான் கிடக்கு பிள்ளை" என்றார். "தராசுக்குக் கொண்டு வா."